கோட்டுப் போட்டுச் சாப்பிட்ட வெந்த கறி

ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் வருகிறவரின் முகத்துக்கு முன்னால் அவர் காலைப் பார்ப்பான். கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான், சர்ச்சிலும் அப்படித்தான். இதற்காக என் மனைவி என்னைத் திட்டாத நாளில்லை. ஆனால் ஒரு ஹோட்டலை எடை போட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முகப்பையும் மெனு கார்டையும் முதலாளி காசு போட்டு அழகாக்கிவிடலாம். பரிமாறுகிறவர் காலில் என்ன போட்டிருக்கிறார், அது எங்கே எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த இடம் அவரை எப்படி நடத்துகிறது, அவர் தன் வேலையை எப்படி நடத்துகிறார் இரண்டும் தெரிந்துவிடும்.

வியன்னாவில் ஹோட்டல் ஸாஹரின் ‘ரோட்டே பார்’ உணவகத்தில் எங்கள் மேசைக்கு வந்த சர்வர் போட்டிருந்தது கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ. கன்றுக்குட்டித் தோல், மேல்தோலையும் அடியையும் இணைக்கும் பட்டையான வெல்ட் வைத்துத் தைத்தது. அவர் திரும்பி நடந்தபோது அடிப்பாகம் தெரிந்தது: தோல் அடி, அதன்மேல் மெல்லிய ரப்பர் தகடு. மரத்தரையில் டக் டக் என்று சத்தம் வராமலும் வழுக்காமலும் இருக்கத் தனியாகச் செய்துகொண்டது. விரல் மடிகிற இடத்தில் சுருக்கம் ஆழமாக விழுந்திருந்தது, ஆனால் ஒரு விரிசல் இல்லை. பல வருஷம் உழைத்த ஜோடி. கழற்றியதும் உள்ளே மரக்கட்டை போட்டு வைத்து, வாரம் தவறாமல் க்ரீம் தேய்த்தால்தான் தோல் இப்படி நிற்கும்.

“சகலை, நீங்க செருப்புப் பார்க்க வந்தீங்களா, சாப்பிட வந்தீங்களா?” என்று கேட்டார் சகலை.

இரண்டுக்கும்தான். கம்பெனி என்னை மிலானில் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தது. ஐரோப்பா வரை வந்துவிட்டு வியன்னாவில் இருக்கும் கொழுந்தியாளைப் பார்க்காமல் திரும்பினால் வீட்டில் சோறு கிடைக்காது. 1970களில் கேரளத்து நர்ஸுகள் நிறையப் பேர் வியன்னா ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். அந்த வழி பிடித்து ரொம்ப வருஷம் கழித்துப் போனவள், மார்த்தாண்டத்துக்காரியான என் கொழுந்தியாள். சகலை அங்கே ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறார். ஒரு மகள், பள்ளிக்கூடம் படிக்கிறாள். தமிழை வியன்னாக்காரர்கள் பேசுவதுபோல் ராகம் போட்டு இழுத்துப் பேசுவாள்.

“அத்தான், ஒரு நாள் ராத்திரி நல்ல இடத்துல சாப்பாடு. கோட்டு எடுத்துட்டு வாங்க” என்று கொழுந்தியாள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஷூ வாங்க வரும் பையர்கள் முன்னால் மட்டும் போடும் கோட்டு அது. உபயோகப்பட்டது.

ஸாஹர் என்றதும் எல்லோரும் நினைப்பது அந்தச் சாக்லேட் கேக்கைத்தான். அதற்காகவே கீழே உள்ள கஃபே வாசலில் கயிறு கட்டி வரிசை நிற்கிறது. வேற்று நாட்டுக்காரர்கள் மழையிலும் குடை பிடித்து நிற்பார்களாம். நாங்கள் அந்த வரிசையைத் தாண்டி ஹோட்டலுக்குள் போனோம். ரோட்டே பாரில் மேசை பதிவு செய்து சாப்பிட்டால் அதே கேக் கடைசியில் தட்டில் வந்துவிடும், நிற்க வேண்டியதில்லை. கேக் ஆசைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

அறை முழுக்கச் சிவப்பு. சுவரில் சிவப்புப் பட்டுத்துணி, நாற்காலியில் சிவப்பு, மேலே படிகச் சரவிளக்கு, சுவரெல்லாம் தங்கச் சட்டம் போட்ட பழைய ஓவியங்கள். ஒரு மூலையில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார், பேச்சைத் தடுக்காத அளவு சத்தத்தில். ஜன்னலுக்கு வெளியே தெருவின் அந்தப் பக்கம் இசை நாடக அரங்கான ஆப்பரா கட்டடம். 1869இல் திறந்தது, 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்தது, 1955 நவம்பரில் மறுபடி திறந்தது. சகலை இதையெல்லாம் ஊர்க்காரரின் உரிமையோடு சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதில் என்னை உட்கார வைத்தது வேறு ஒன்று. இந்த ஹோட்டல் நிற்கும் மனையில் முன்பு ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824 மே 7 அன்று முதலில் அரங்கேறியது அங்கேதான். காது கேட்காத மனிதர். கச்சேரி முடிந்து ஜனங்கள் கைதட்டுவது தெரியாமல் முதுகைக் காட்டி நின்றவரைப் பாட வந்த பெண் ஒருத்தி தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டாளாம். அந்தக் கொட்டகையை இடித்துவிட்டு எழுந்த இடத்தில்தான் 1876இல் எடுவார்ட் ஸாஹர் ஹோட்டல் திறந்தார்.

மெனு கார்டு வந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருந்தது. பெரிய ஹோட்டல் என்றால் பெரிய தட்டின் நடுவில் மூன்று புள்ளி சாஸும் ஒரு இலையும் வைத்துத் தருவார்கள், அதைப் பாராட்டத் தெரியாமல் முழிப்போம் என்கிற பயம். மிலானில் ஒரு சப்ளையர் அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பசியோடு திருப்பி அனுப்பியிருந்தார். சகலையின் மகள் கார்டைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, பயம் போய் ஆச்சரியம் வந்தது. மாட்டெலும்பு சூப். வேகவைத்த மாட்டுக்கறி. ரொட்டித்தூள் பிரட்டிப் பொரித்த இறைச்சி. பிய்த்துப் போட்ட இனிப்பு ஆப்பம் மாதிரி ஒன்று. சரவிளக்குக்குக் கீழே உட்கார வைத்து இவர்கள் கொடுப்பது பாட்டி சமையலை!

“இதுதான் பெரியப்பா எங்க ஸ்கூல் கேன்டீன்லயும் இருக்கும்” என்றாள் அவள் சலிப்பாக. இத்தாலிச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போயிருக்கலாம் என்பது அவள் கட்சி.

நான் சூப்பும், டாஃபெல்ஷ்பிட்ஸ் என்கிற அந்த வேகவைத்த மாட்டுக்கறியும் சொன்னேன். சகலையும் அதுவே. கொழுந்தியாளுக்கும் மகளுக்கும் வீனர் ஷ்னிட்ஸெல், அந்த ரொட்டித்தூள் பிரட்டிப் பொரித்தது.

சூப் கலங்கலே இல்லாத தேன் நிறத்தில் வந்தது. அதற்குள் மெல்லிசாக நறுக்கிய முட்டை அடை. முட்டை தோசையைச் சுருட்டி நூல் நூலாக வெட்டித் தெளிந்த ரசத்தில் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. தட்டை முதலில் வைத்தார், அதில் அடை மட்டும் கிடந்தது. பிறகு சின்னக் கூஜாவிலிருந்து சூடான சூப்பை அதன்மேல் ஊற்றினார். முன்பே ஊற்றிக் கொண்டுவந்திருந்தால் அடை ஊறிக் கூழாகியிருக்கும். அந்த ஒரு நிமிஷ வித்தியாசத்துக்காக ஒரு மனிதர் கூஜாவோடு வந்து நிற்கிறார்.

அப்புறம் டாஃபெல்ஷ்பிட்ஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் தொழிலுக்குப் பக்கத்து வீடு.

மாட்டின் பின்தொடைக்கு மேலே, வால் ஆரம்பிக்கும் இடத்தை ஒட்டி முக்கோணமாகக் கூம்பி முடியும் ஒரு துண்டு இருக்கிறது. ஒரு பக்கம் விரல் கனத்துக்குக் கொழுப்புப் படர்ந்திருக்கும். அதுதான் டாஃபெல்ஷ்பிட்ஸ். வியன்னா கசாப்புக்காரர்கள் மாட்டை மற்ற ஊர்க்காரர்களைப் போல் வெட்டுவதில்லை. பின்பாகத்தையே பல துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரும் ஒரு பக்குவமும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடம் வெளிப்பக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும். இந்தக் கறிக்கு நேர்மேலே இருக்கும் தோலை நாங்கள் ‘பட்’ என்போம். முழுத்தோலில் இறுக்கமும் கனமும் சீராக இருக்கும் பகுதி அது. வயிற்றுப் பக்கம் தொளதொள, கழுத்துப் பக்கம் சுருக்கம், பட் மட்டும் நம்பி வெட்டலாம். உள்ளே இருக்கும் கறியும் அதே குணம்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதை வேகவைப்பது என்றால் கொதிக்க விடுவது இல்லை. தண்ணீர் மேலே லேசாக அசைய வேண்டும், குமிழி விட்டுக் குதிக்கக் கூடாது. எலும்பு, கேரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர், லீக்ஸ், தோலோடு பாதியாக வெட்டிச் சட்டியில் கருக்கிய வெங்காயம், முழு மிளகு. மூன்று மணி நேரம்போல அப்படியே கிடக்கும். இறுக்கமான அந்தக் கறியில் கொலாஜன் என்கிற இழைப் புரதம் அதிகம். அது மெதுவாகக் கரைந்து ஜெலட்டின் ஆக வேண்டும். அவசரப்பட்டால் நார் நாராக வறண்டுவிடும்.

எங்கள் வேலை இதற்கு நேர்எதிர். குரோம் உப்பு ஏற்றிப் பதப்படுத்தி ஈரமாக, நீலமாக நிற்கும் ‘வெட் ப்ளூ’ தோலில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, காகிதத்தில் அதன் ஓரத்தை வரைந்து வைத்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுப்போம். எடுத்து அதே கோட்டின் மேல் வைக்கும்போது சுருங்காமல் பொருந்தினால் தோல் தேறியது. அதற்குப் பேர் பாய்ல் டெஸ்ட். பதப்படுத்தாத பச்சைத் தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுபோகும். தோலில் இருக்கும் கொலாஜன் வெந்நீருக்கு மசியக் கூடாது என்பதற்காக, தோல் பதனிடும் எங்கள் டேனரிகள் டிரம் டிரம்மாகக் குரோம் கரைக்கின்றன. இங்கே ஒரு சமையல்காரர் அதே கொலாஜன் மசிவதற்காகக் காத்திருக்கிறார். இதை நான் சொல்லச் சொல்ல, “சாப்பிடும்போது இது எதுக்கு அத்தான்” என்று கொழுந்தியாள் முகத்தைச் சுளித்தாள். சகலைதான் லேப்காரர், எத்தனை டிகிரி என்று திரும்பக் கேட்டுக்கொண்டார்.

கறி தடித்த துண்டுகளாக, நாருக்குக் குறுக்கே வெட்டி, கொழுப்பு ஓரம் அப்படியே விட்டு வந்தது. கூடவே கொஞ்சம் சூப்பும் வெந்த கேரட்டும். பக்கத்தில் தனித்தனிக் கிண்ணங்களில் வறுத்த உருளைக்கிழங்கு, க்ரீம் போட்ட கீரை, ஆப்பிளையும் குதிரைமுள்ளங்கியையும் துருவிச் சேர்த்த துவையல், சைவ்ஸ் தாள் நறுக்கிப் போட்ட வெள்ளை சாஸ். குதிரைமுள்ளங்கி மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையில் சுர்ரென்று இறங்கும். மிளகாய்க்குப் பழகிய நாக்குக்கு அது காரமே இல்லை, மூக்குக்குத்தான் காரம். கறியில் உப்பும் அந்த முழு மிளகும் தவிர மசாலா என்று ஒன்றும் கிடையாது. ஃபோர்க்கை வைத்ததும் பிரிந்தது. பிரிந்தாலும் குழையவில்லை. முதல் வாயில் “என்னடா சப்” என்று தோன்றியது உண்மை. மூன்றாவது வாயில் மாட்டின் ருசி தெரிய ஆரம்பித்தது. ஆம்பூர்க்காரன் பிரியாணியில் கறி தின்று வளர்ந்தவன், கறிக்கென்று தனி ருசி ஒன்று இருப்பதை மசாலா எங்களுக்கு அதிகம் காட்டுவதில்லை.

ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் யோசப்புக்கு இதுதான் பிடித்த சாப்பாடு. இதில் ஒரு கதை சொல்கிறார்கள். அரண்மனை விருந்தில் முதலில் பரிமாறுவது சக்கரவர்த்திக்கு. அவர் வேகமாகச் சாப்பிடுகிறவர். அவர் கத்தியைக் கீழே வைத்தால் எல்லோர் தட்டையும் எடுத்துவிடுவார்கள். மேசைக் கடைசியில் இருக்கும் இளம் அதிகாரிகளுக்கு அப்போதுதான் தட்டே வந்திருக்கும். அந்தப் பசியோடு அவர்கள் நேராக வருவது ஸாஹருக்கு. கதை எவ்வளவு தூரம் உண்மையோ, பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் நம்புவார்கள்.

அந்த அதிகாரிகளையும் பிரபுக்களையும் கட்டி மேய்த்தவள் ஆனா ஸாஹர். லெயோபோல்ட்ஷ்டாட் பகுதியில் ஒரு கசாப்புக்கடைக்காரரின் மகள். 1880இல் எடுவார்டைக் கல்யாணம் செய்துகொண்டாள், 1892இல் அவர் இறந்ததும் ஹோட்டலைத் தானே எடுத்து நடத்தினாள். வாயில் சுருட்டு, காலடியில் பிரெஞ்சு புல்டாக் குட்டிகள். அவள் படத்தைப் பார்த்தால் டேனரி நடத்தும் எங்கள் ஊர்ப் பெரிய முதலாளிகள் யாரும் எதிரில் உட்கார யோசிப்பார்கள். பெரிய மனுஷர்களின் கையெழுத்தை ஒரு மேசைவிரிப்பில் வாங்கி, அதன்மேலேயே நூலால் தைத்து வைத்தாள். நடுவில் சக்கரவர்த்தியின் கையெழுத்து. பிரபுக்களுக்குக் கணக்கில்லாமல் கடனும் கொடுத்தாள். 1918இல் ராஜ்ஜியமே போனதும் அந்தக் கடனெல்லாம் எங்கிருந்து வரும்? 1930இல் அவள் இறந்தாள், 1934இல் ஹோட்டல் திவாலாகிக் கைமாறியது. பையருக்கு நீட்டி நீட்டிக் கிரெடிட் கொடுத்துக் கதவு மூடிய கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த அம்மாள் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

நடுவில் ஒரு சின்ன விஷயம். ஷ்னிட்ஸெல் வந்தது. தட்டை நிறைக்கும் அகலம், மேல்தோல் உள்ளிருக்கும் இறைச்சியை விட்டு விலகி அலை அலையாக உப்பியிருந்தது. கொழுப்பில் மூழ்க விட்டு, சட்டியை ஆட்டிக்கொண்டே பொரித்தால்தான் அப்படி எழும்பும். வீனர் ஷ்னிட்ஸெல் என்று வெறுமனே எழுதினால் அது கன்றுக்கறியாகத்தான் இருக்க வேண்டும். பன்றிக்கறி என்றால் கார்டில் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது ஆஸ்திரியாவில் விதி. எலுமிச்சைத் துண்டு, சிவப்புப் பழ ஜாம், உருளைக்கிழங்கு. இவ்வளவும் வந்த பிறகு சகலை மகள் ஜெர்மனில் எதையோ மெதுவாகக் கேட்டாள். கொழுந்தியாள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டது கெச்சப்.

எனக்கு இப்போது சர்வரின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரு புருவம் அசைந்தாலும் போதும், பிள்ளை கூசிப்போவாள். ஒன்றும் அசையவில்லை. தலையை லேசாகச் சாய்த்துவிட்டுப் போனார், வெள்ளிக் கிண்ணத்தில் கெச்சப்பும் ஒரு சின்ன ஸ்பூனும் கொண்டுவந்து அவள் வலது கைப்பக்கம் வைத்தார், தண்ணீர் டம்ளரை நிரப்பினார், போய்விட்டார். அதைக் கொண்டுவரும்போதும் சக்கரவர்த்திக்குச் சூப் ஊற்றுகிற அதே நடை.

இதை எப்படிப் பழகுகிறார்கள் என்று கேட்டேன். ஆஸ்திரியாவில் பரிமாறுவது படித்துப் பாஸ் செய்கிற தொழில். மூன்று வருஷம் ஒரு ஹோட்டலில் வேலை, கூடவே தொழிற்பள்ளி, கடைசியில் பரீட்சை. பத்தாம் வகுப்பு முடிக்கும் வயதில் பிள்ளைகள் சேர்கிறார்கள். சமையலுக்கும் அப்படியே. அதனால் நரைத்த தலையோடு ஒருவர் தட்டு ஏந்தி வருவது அங்கே பரிதாபக் காட்சி இல்லை, அவர் சீனியர். எங்கள் பக்கத்து மெஸ்களில் இலை போட்டுத் தண்ணீர் வைக்கும் பையன், கொஞ்சம் வயது வந்ததும் வேறு எதற்காவது ஓடிவிடுகிறான், ஓடவில்லையென்றால் வீட்டில் கவலைப்படுகிறார்கள். அவன் கெட்டிக்காரன் என்பதில் சந்தேகமில்லை, பத்து மேசையின் பில்லை மனசில் வைத்திருப்பான். அதற்கு ஒரு சர்டிஃபிகேட்டும் ஒரு பதவிப்பேரும் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஆக்ஸ்ஃபோர்டு ஜோடியை அத்தனை வருஷம் பாலிஷ் போட்டுக் காப்பாற்றும் மனசு, இந்தத் தொழிலில்தான் ரிட்டயர் ஆகப்போகிறோம் என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான் வரும். ஸாஹரில் கறிக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இவர்களுக்குத்தான் போகிறது, போகவும் வேண்டும் என்று எனக்குப் பட்டது. வெந்த கறியை வீட்டிலும் தின்னலாம்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. சகலை ஒயின் ஒரு ‘அஹ்டெல்’ சொன்னார், லிட்டரில் எட்டில் ஒரு பங்கு. அங்கே ஒயின் கணக்கே அந்த அளவில்தான். நான் குடிப்பதில்லை, தண்ணீர் போதும். வியன்னாவில் குழாயில் வருவது மலை ஊற்றுத் தண்ணீர். 1873இல் முதல் கால்வாய், 1910இல் இரண்டாவது, இரண்டும் ஆல்ப்ஸிலிருந்து சரிவிலேயே இறங்கி வருகின்றன. பல்லில் படுகிற குளிர்ச்சி, ஒரு வாசனை இல்லை. பாலாற்றங்கரைக்காரன் அதைக் குடிக்கும்போது வேறு எதையும் நினைக்காமல் இருக்க முடியாது. எங்கள் டேனரிக் கழிவு ஆற்றையும் கிணற்றையும் என்ன செய்தது என்பது 1996இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தத் தொழிலில்தான் எனக்குச் சம்பளம், அந்தச் சம்பளத்தில்தான் இந்தக் கோட்டு. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கடைசியில் கேக். 1832இல் ஆஸ்திரிய சான்சலராக இருந்த மெட்டர்னிக் பிரபு வீட்டு விருந்துக்குத் தலைமைச் சமையல்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போக, பதினாறு வயதுப் பயிற்சிப் பையன் ஃபிரான்ஸ் ஸாஹர் செய்ததாகச் சொல்வது வழக்கம். அவர் மகன்தான் ஹோட்டல் திறந்த எடுவார்ட். சாக்லேட் கேக், ஆப்ரிகாட் ஜாம், மேலே பளபளக்கும் சாக்லேட் பூச்சு, ஓரத்தில் இனிப்பில்லாத அடித்த க்ரீம். கேக் இயல்பிலேயே கொஞ்சம் உலர்ந்த ஜாதி, அதனால்தான் ஒவ்வொரு வாய்க்கும் க்ரீம் தொட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். க்ரீமைத் தொடாமல் தின்றுவிட்டு நன்றாக இல்லை என்று எழுதுகிறவர்கள் இணையத்தில் நிறைய.

இந்தக் கேக்குக்காக ஸாஹரும், கோல்மார்க்ட் தெருவில் இருக்கும் பழைய அரண்மனை மிட்டாய்க்கடையான டெமெலும் வருஷக்கணக்கில் கோர்ட்டில் நின்றார்கள். ‘ஒரிஜினல்’ என்று யார் போட்டுக்கொள்வது, ஜாம் நடுவில் வருமா பூச்சுக்கு அடியில் மட்டும் வருமா என்று வழக்கு. 1963இல் சமாதானம் ஆனது. ஒரிஜினல் என்ற பேரும் வட்டச் சாக்லேட் முத்திரையும் ஸாஹருக்கு. முக்கோண முத்திரை டெமெலுக்கு. ஸாஹரில் ஜாம் இரண்டு இடத்தில், டெமெலில் பூச்சுக்கு அடியில் மட்டும். மறுநாள் அதையும் தின்று பார்த்தோம். என் ஓட்டு ஸாஹருக்கு, இரண்டாவது ஜாம் வரிதான் காரணம். கொழுந்தியாள் டெமெல் கட்சி. சகலை மகளுக்கு இரண்டும் வேண்டாம். அவள் ஸாஹரிலேயே கைஸர்ஷ்மார்ன் வாங்கிக்கொண்டாள். பிய்த்துப் போட்ட தடித்த பான்கேக், மேலே மாவுச் சர்க்கரை, பக்கத்தில் சுண்ட வேகவைத்த ப்ளம்ஸ். செப்டம்பர் ப்ளம்ஸ் காலம். அவள் தட்டிலிருந்து இரண்டு ஸ்பூன் திருடியதில், அன்றைக்கு இனிப்பில் ஜெயித்தது அவள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

பில் சகலை கொடுத்தார். நான் பர்ஸை எடுக்க, அவர் கையைப் பிடிக்க, நம்மூர்ப் பந்தயம் அங்கேயும் நடந்தது. சர்வர் இரண்டடி தள்ளிப்போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார், இதையும் மூன்று வருஷப் படிப்பில் சேர்த்திருப்பார்களோ என்னவோ. மெயின் டிஷ் ஒவ்வொன்றும் அன்றைக்கு நம் ரூபாயில் மூவாயிரத்தை ஒட்டியும் தாண்டியும் போனது. நாலு பேர் சாப்பிட்ட மொத்தம், எங்கள் லைனில் ஒரு ஹெல்பர் இரண்டு மாதம் நின்று வாங்கிய சம்பளத்தைத் தொட்டது. டிப்ஸை மேசையில் விட்டுவிட்டு வருவது அங்கே பழக்கமில்லை. பில்லைப் பார்த்து, பத்து சதவீதம்போலச் சேர்த்து, மொத்தத்தை வாயால் சொல்லிவிட வேண்டும். அவர் அதற்கு மீதி கொடுப்பார்.

வெளியே வந்தால் ஆப்பராவின் பக்கச் சுவரில் பெரிய திரை. உள்ளே நடக்கும் ஆப்பராவை வெளியே நாற்காலி போட்டு இலவசமாகக் காட்டுகிறார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பரிலும் இது உண்டு. பீட்சா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இங்கேயே உட்கார்ந்திருக்கலாம்” என்றாள் சகலை மகள்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் சகலைக்கு ஓர் ஆசை. வெந்த கறியை வீட்டில் தின்னலாம் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். கசாப்புக்கடையில் போய் டாஃபெல்ஷ்பிட்ஸே கேட்டு வாங்கினார், எலும்பும் குதிரைமுள்ளங்கியும் வாங்கினார். மூன்று மணி நேரம் மெல்லிய தீயில், கொதிக்க விடக் கூடாது என்று நான் அடுப்படியில் நின்று சொன்னேன். டியூட்டிக்கு நேரமாகிறது என்று கொழுந்தியாள் குக்கரில் தூக்கிப் போட்டாள். கை சும்மா இருக்குமா, நல்லமிளகு இடித்துப் போட்டாள், இஞ்சி தட்டிப் போட்டாள், சின்ன உள்ளி வதக்கிப் போட்டாள். நான் எண்ணியவரை ஏழு விசில். கறி நார் நாராகப் பிரிந்து, சூப் கறுத்து, வீடு முழுக்க மார்த்தாண்டம் மணத்தது. சகலை சட்டியை வழித்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். அவர் மகள் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, இந்த முறை கெச்சப் கேட்கவில்லை.

“இதை அந்த ஹோட்டல்ல குடுக்கச் சொல்லுங்க பெரியப்பா” என்றாள்.